செவலை தலையைத் திருப்பினால்

செய்தி வந்தபோது என் வலது கை தோள்மூட்டுவரை ஒரு பசுமாட்டுக்குள் இருந்தது. தர்மபுரத்தில் ஒரு வளவில் சினை பார்த்துக்கொண்டிருந்தேன். சேட்டுப் பையில் கைபேசி அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. மூன்றாம் முறை மாட்டுக்காரர் பொறுமை இழந்து, தானே அதை எடுத்து என் காதில் வைத்துப் பிடித்தார்.

"டொக்டர், அம்மா போயிட்டா," என்றாள் மருதாயியின் மகள் பவானி.

"எப்ப பிள்ளை?"

"இப்பதான். பத்து நிமிசம் வராது."

கையைச் சட்டென்று இழுக்கவும் முடியாது. மாட்டுக்கு வலிக்கும். மெல்ல எடுத்து, கையுறையைக் கழற்றி, "சினைதான், மூண்டு மாசம்," என்று மாட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். நானும் சிரித்திருக்க வேண்டும், எனக்கு நினைவில்லை. அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு மருதாயியை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வருவதற்காக வான் வண்டி ஒன்று சொல்லி வைத்திருந்தேன். அந்த வானை இனி என்ன செய்வது என்பதுதான் முதலில் மனதில் வந்தது. வெட்கமாக இருந்தாலும் உள்ளதைத்தான் எழுத வேண்டும்.

மருதாயியின் பூர்வீகமான மலையகத்தில் பதினாறாம் நாள் கருமாதியோடு காரியம் முடிந்துவிடுமாம். வன்னிக்கு வந்தபிறகு முப்பத்தோராம் நாளும், அதற்கொரு நினைவு மலரும் அவர்களிடமும் சேர்ந்துகொண்டன. அந்த மலருக்குத்தான் பவானி எழுதித் தரச் சொன்னாள். தேவாரமும் படமும் அவள் பார்த்துக்கொள்வாளாம். "அம்மாவைப் பற்றி நீங்கதான் எழுதோணும் டொக்டர்," என்றாள். இதை வாசிக்கிறவர்களில் பாதிப்பேருக்கு மருதாயியைக் 'குதிரைக்காரி' என்று தெரியும். மீதிப்பேருக்குக் கடைசிச் சண்டையில் கணவனைப் பறிகொடுத்து, ஒரு மகளோடு மிஞ்சியவர் என்று தெரியும். இரண்டும் சரிதான். நான் ஒரு மிருகவைத்தியன். அவரிடம் நான் கற்றதை மட்டும் சொல்கிறேன். கற்றேனா என்பதை முடிவில் நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் பக்கத்துக்குக் குதிரை வந்த கதையே ஒரு பகிடி. சுவிசிலிருந்து திரும்பி வந்த ஒருவர் குளத்துக்குப் பக்கத்தில் ஐந்து ஏக்கர் வாங்கி, சுற்றுலாப் பண்ணை போடப் போகிறேன் என்று சொல்லி, மலைநாட்டில் பந்தயத்தில் ஓடிக் களைத்த ஒரு பெட்டைக் குதிரையை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார். செம்மண் நிறம், நெற்றியில் வெள்ளை. அதற்கு வாய்க்குள் நுழையாத ஓர் ஆங்கிலப் பெயர் இருந்தது. மருதாயி முதல் நாளே அதைச் செவலை என்று ஆக்கிவிட்டார். அவரைச் சுவிஸ்காரர் வேலைக்கு எடுத்தது கொட்டில் கூட்டிச் சாணம் அள்ளுவதற்கு மட்டும்தான்.

மூன்றாம் கிழமை செவலை முள்ளுக்கம்பியில் காலைக் கிழித்துக்கொண்டது. என்னைக் கூப்பிட்டார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் குதிரையைப் பற்றிப் படித்ததைப் பரீட்சை முடிந்த அன்றே மறந்தவன் நான். வன்னியில் மாடும் ஆடும் நாயும்தானே. காயத்தால் ஏற்புவலி வந்து உடம்பு விறைக்காமல் இருக்க ஏற்பு ஊசி போட்டாக வேண்டும் என்பது மட்டும் தெரியும். கயிறும் நாலு ஆம்பிளையும் கேட்டேன். அடியாத மாடு படியாது என்று வளர்ந்த ஆள், குதிரையும் ஒரு மாடுதான் என்று நினைத்துவிட்டேன். நாலு பேரும் கயிற்றோடு ஒரு மூலையில் நெருக்க, செவலை வேலியையும் ஒருவரின் முன்பல்லையும் எடுத்துக்கொண்டு குளக்கட்டில் ஏறிப் போய்விட்டது.

சாணக் கூடையோடு நின்ற ஒரு பெண் என்னைப் பார்த்து, "சார், எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லுங்க. மூணு நாள் கழிச்சு ஊசியோட நீங்க மட்டும் வாங்க," என்றார்.

"மூண்டு நாளா? ஏற்பு வந்து செத்தால் நீ பொறுப்பா?" என்றேன். நான் அவரை நீ என்றுதான் சொன்னேன். மலையகத்திலிருந்து வந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம். அதைவிட மோசமாகவும் கூப்பிடுவோம். இங்கே எழுத வரவில்லை.

"இப்ப போட முடிஞ்சா போடுங்க சார்," என்று அவர் குளக்கட்டைக் காட்டினார். குதிரை தண்ணீரின் அந்தக் கரையில் நின்றது. நான் பெட்டியைப் பூட்டினேன்.

மூன்று நாள் கழித்துப் போனபோது கொட்டிலின் வாசலில் இரண்டு கட்டைகளுக்கு நடுவே ஒரு பலகை அறைந்திருந்தது. பலகையில் சாக்குச் சுற்றியிருந்தது. செவலை தானாக நடந்து வந்து தாடையை அந்தச் சாக்கின் மேல் வைத்தது. மருதாயி நாக்கால் 'த்ச்' என்று ஒரு சத்தம் போட்டு, இடுப்பில் செருகியிருந்த பையிலிருந்து பயறளவு பனங்கட்டி ஒன்றைக் கொடுத்தார். பிறகு கழுத்தைத் தொட்டார். மறுபடி சத்தம், மறுபடி பனங்கட்டி. ஈர்க்குக் குச்சியால் கழுத்தில் மெல்லக் குத்தினார். தாடை அசையவில்லை. சத்தம், பனங்கட்டி.

"இப்ப நீங்க. தாடை பலகையில இருக்கிறவரைக்கும் தொடலாம். தூக்கினாலோ தலையைத் திருப்பினாலோ கைய எடுத்துடணும். அன்னைக்கு வேணாம்னு அர்த்தம்."

ஊசியை எடுத்துக் கழுத்தில் வைத்தேன். ஊசி போட்டு முடித்தபோது செவலை என் சேட்டுப் பையை மோந்து பார்த்துக்கொண்டு நின்றது. "நீங்கள் இதை எங்கை படிச்சனீங்கள்?" என்று கேட்டேன். நீங்கள் என்று வந்துவிட்டதை நான் சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தேன். அவர் கவனிக்காதது போல இருந்தார்.

அவருடைய தகப்பன் மலைநாட்டில் பந்தயக் குதிரைகளைப் பார்த்தவராம். அங்கே குதிரைக்குச் சவுக்குத்தான். தகப்பனுக்குச் சவுக்குப் பிடிக்காது. ஆனால் கொடுப்பதற்கு அவரிடமும் எதுவும் இல்லை. தோட்ட லயத்து வீடுகளில் காலையில் பால் விடாத பிளேன்டீயோடு உள்ளங்கையில் கொஞ்சம் சீனி கொடுப்பார்கள், நக்கிக்கொண்டு குடிப்பதற்கு. மனுசன் வெறும் சாயத்தைக் குடித்துவிட்டு, சீனியைக் கடதாசியில் மடித்துக்கொண்டு போவாராம். குதிரை தலையைத் தாழ்த்திக் கயிற்றுக்குக் கொடுத்த பிறகு ஒரு விரல் சீனி. "எங்க அப்பா சாகிறவரைக்கும் டீக்குச் சீனி போட்டுக் குடிச்சதே இல்லீங்க," என்றார் மருதாயி. அவரும் அப்படித்தான். எந்த வீட்டில் தேத்தண்ணிக்குக் கடிக்கப் பனங்கட்டி கொடுத்தாலும் அது அவர் இடுப்புப் பைக்குள் போய்விடும்.

பனங்கட்டியைக் காட்டித்தானே குதிரையைக் கூப்பிட வேண்டும் என்று ஒருநாள் என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். அவர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது.

"மொதல்ல காட்டினா அது லஞ்சம் டொக்டர். செஞ்ச பொறவு குடுத்தா அது கூலி. லஞ்சத்துக்கு வர்றது வயித்துக்காக வருது. கூலிக்கு வர்றது நம்மள நம்பி வருது."

அந்த 'த்ச்' சத்தம் எதற்கென்று கேட்டேன். செய்தது சரி என்று அந்த நொடியிலேயே குதிரைக்குத் தெரிய வேண்டுமாம். கை பைக்குள் போய் வருவதற்குள் அது மறந்துவிடும். சத்தம் கேட்டால் பின்னாலே பனங்கட்டி வரும் என்று அதற்குத் தெரியும். "அதனால சத்தம் போட்டா குடுத்தே ஆகணும். தவறிப் போட்டாலும் குடுக்கணும். ஒருக்கா ஏமாத்தினாலும் அந்தச் சத்தம் பொய்யாப் போயிரும்."

இதில் மருதாயி ஒரு பெரிய பிழை விட்டிருந்தார். எங்கள் ஊரில் யாரைப் பார்த்தாலும், எதைக் கேட்டாலும், ஐயோ பாவம் என்று சொல்வதற்கு முன் உச்சுக் கொட்டுவோம். அதுவும் அதே சத்தம்தான். கணவனை இழந்த பெண், தனியே குதிரையோடு மாரடிக்கிறாள் என்று பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கொட்டிலைப் பார்த்து 'த்ச்' என்றார்கள். ஒவ்வொரு முறையும் செவலை காதை நிமிர்த்தி, கழுத்தை நீட்டி, அவர்கள் முகத்துக்கு நேரே வாயைக் கொண்டுபோனது. ஒரு கிழவி பயத்தில் விழுந்தே போனார்.

சத்தத்தை மாற்றும்படி சொன்னேன். "இனி மாத்தினா அவ குழம்பிடுவா. சனத்தைத்தான் பழக்கணும்," என்றார் மருதாயி. வாசல் படலையில் பனங்கட்டி நிறைந்த ஓர் ஓலைக் குட்டான் தொங்கவிட்டார். அந்த வளவுக்குள் யார் உச்சுக் கொட்டினாலும் போய் ஒரு துண்டு எடுத்துச் செவலைக்குக் கொடுக்க வேண்டும். பெரிய மனிதர்களையும் விடவில்லை. "சத்தம் போட்டீங்கல்ல? குடுங்க," என்று கை நீட்டுவார். நான்கு மாதத்தில் எங்கள் சனம் அந்தப் படலைக்குள் வாயை மூடிக்கொண்டு வரப் பழகிவிட்டது. அவருடைய கதையைக் கேட்டுப் பரிதாபப்பட வந்தவர்கள் பரிதாபப்பட வழி தெரியாமல் மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள். அவருக்கு அது பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

கலியாணக் கதை உங்களில் பலருக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், அது இல்லாமல் பின்னால் வருவது விளங்காது. வெளிநாட்டு மாப்பிள்ளை ஒருவர் குதிரையில் ஏறி மண்டபத்துக்குப் போக ஆசைப்பட்டார். சுவிஸ்காரர் உடனே ஒப்புக்கொண்டார். மருதாயி மூன்று கிழமை எடுத்துச் செவலையை வெடிச் சத்தத்துக்குப் பழக்கினார். பவானி குளக்கட்டின் அந்தத் தலைப்பில் நின்று ஒரு சீனவெடியைக் கொளுத்துவாள். இங்கே 'த்ச்', பனங்கட்டி. அடுத்த நாள் பத்தடி கிட்ட. கடைசியில் காலடியில் வெடித்தாலும் செவலை திரும்பி மருதாயியின் பையைத்தான் பார்த்தது. ஏறுவதற்கு ஒரு முக்காலி. அதன் பக்கத்தில் தானாக வந்து நின்றால் ஏறலாம்.

அன்று மேளம், கமெரா, குடை, எல்லாம் தயார். செவலை முக்காலிவரை வந்தது. மாப்பிள்ளை காலைத் தூக்கினார். அது தலையைத் திருப்பிக்கொண்டு இரண்டடி விலகியது. மறுபடி கொண்டுவந்தார் மருதாயி. மறுபடி விலகியது.

"இன்னைக்கு வேணாங்கிறா. மாப்பிள்ளைய நடந்து வரச் சொல்லுங்க," என்றார்.

"நாலடி போட்டால் வரும். பிடியும் அந்தக் கயித்தை!" என்று சுவிஸ்காரர் கத்தினார்.

"வராதுங்க. நான் பிடிக்க மாட்டேன்."

மாப்பிள்ளை தலைப்பாகையோடு ஓட்டோவில் போனார். ஊர் இன்றுவரை சிரிக்கிறது. குதிரைக்கு ஒன்றுமில்லை, இவள்தான் பிழை என்று காட்டுவதற்குச் சுவிஸ்காரர் மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். சேணத்தின் கீழே போட்டிருந்த புதுச் சரிகைத் துணியில் கண்ணாடித் துண்டு தைத்த ஒரு கம்பி விலகியிருந்தது. முதுகில் உள்ளங்கை அளவு வீக்கம். நான் அழுத்தியதும் செவலை என்னைக் கடிக்க வந்தது. அதைக் காட்டினேன். சுவிஸ்காரர் மன்னிப்புக் கேட்கவில்லை. "குதிரைக்கு மாட்டன் எண்டு சொல்லப் பழக்கினால் பிறகு குதிரை என்னத்துக்கு?" என்றார். சில மாதத்தில் பண்ணையை விட்டுவிட்டுத் திரும்பிப் போனார். குதிரையை மருதாயியே வைத்துக்கொள்ளட்டும் என்று யாரிடமோ சொல்லி அனுப்பினார். மருதாயி கயிறும் போடாமல் அதைத் தெரு வழியாகத் தன் வீட்டுக்கு நடத்திக்கொண்டு போனார். பலகையையும் குட்டானையும் கழற்றிக்கொண்டு போக மறக்கவில்லை.

கலியாணத்துக்கு மறுநாள் முதுகுக்கு மருந்து பூசிக்கொண்டிருந்தபோது நானும் கேட்டேன். இவ்வளவு பாடுபட்டுப் பழக்கி, கடைசியில் அதன் இஷ்டம் என்று விடுவதா?

"வேணாம்னு சொல்ல வழி வச்சாத்தான் டொக்டர், சரின்னு சொல்றதுக்கு ஒரு மதிப்பு. இல்லாட்டி அது சரின்னு சொல்லல, பயந்து நிக்குது."

இதைக் கேட்டுத் தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரன்.

மூன்று வருடத்துக்கு முன் அவருக்குச் சிறுநீரகம் பழுதென்று சொன்னார்கள். இந்தப் பக்கத்தில் எத்தனை வீட்டில் அது இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கிழமைக்கு இரண்டு நாள் இரத்தம் கழுவ வேண்டும். அதிகாலையில் பஸ் பிடித்து வவுனியாப் பக்கம் போய், நாலு மணித்தியாலம் படுத்திருந்து, இருட்டுமுன் திரும்பி, செவலைக்குப் புல் போடுவார். பஸ்ஸில் மயங்கி விழுந்த பிறகு நான் ஒரு வான் ஒழுங்கு செய்தேன். முடிந்த நாட்களில் கூடவும் போனேன். திரும்பும்போது ஓமந்தையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நிற்பாட்டுவோம். கடைக்காரர் மூன்று கோப்பையோடு மூன்று துண்டு பனங்கட்டி கொண்டுவந்து வைப்பார். மருதாயியின் துண்டு பைக்குள் போகும். பிறகு என்னுடையதையும் ஒரு பார்வை பார்ப்பார். நான் கொடுத்துவிடுவேன்.

ஆஸ்பத்திரியில் தாதிமாரிடமும் தன் சட்டத்தைச் சொல்லியிருந்தார். "கைய நானே தலகாணியில வைப்பேன். வச்ச பொறவு குத்துங்க." அவர்கள் நல்ல பிள்ளைகள், சிரித்துக்கொண்டு ஒத்துக்கொண்டார்கள். மூன்று வருடமாக அவரே கையை நீட்டினார். நீட்டாத நாள் ஒன்று வரும் என்று நான் யோசிக்கவே இல்லை.

அது அந்தச் செவ்வாய்க்கிழமை. உடம்பு வீங்கியிருந்தது. மூச்சு வாங்கியது. கட்டிலில் ஏறிப் படுத்தார். தாதி ஊசியோடு வந்து நின்றார். மருதாயி கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்.

"இன்னைக்கு வேணாம் டொக்டர். வீட்டுக்குப் போவோம். செவலையப் பாக்கணும் போல இருக்கு."

எனக்கு விளங்கியது. அந்த அசைவை எத்தனை தரம் பார்த்திருக்கிறேன். தலையைத் திருப்பினால் கையை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். பவானி அழத் தொடங்கினாள். "இண்டைக்கு விட்டால் ஆபத்து," என்று தாதி மெதுவாகச் சொன்னார். அவர் சொன்னது அவருடைய கடமை. நான் என்ன செய்தேன்? கட்டிலின் மறுபக்கம் போய்க் குனிந்து நின்றுகொண்டு,

"மருதாயி, இண்டைக்கு ஒருக்காப் போடுங்கோ. போட்டால் வியாழக்கிழமை நானே வந்து செவலையிட்டைக் கூட்டிக்கொண்டு போறன்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. ஒரு சின்னச் சிரிப்புக்கூட இருந்தது.

"மொதல்ல காட்டுறீங்க, பாத்தீங்களா," என்றார்.

பிறகு கையைத் தலையணையில் வைத்தார். எனக்காகத்தான் வைத்தார். அவரிடம் நான் முதன்முதலாக வாங்கிய பாடத்தை அவர் மேலேயே பிழையாகச் செய்துகாட்டினேன். அப்போது எனக்கு அது வெற்றி போலத்தான் இருந்தது. பவானியின் தோளைத் தட்டி, "பார்த்தீரே," என்றேன்.

நடுவில் இரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. வீட்டுக்கு விடவில்லை, வார்ட்டில் வைத்துக்கொண்டார்கள். புதன்கிழமை போனேன், கண் திறக்கவில்லை. வியாழக்கிழமைக்குச் சொல்லியிருந்த வானை நிறுத்த மட்டும் மனம் வரவில்லை. வெளியே வார்ட்டு வாசலுக்கு வந்தேன். முப்பது வருடம் உயிர்களோடு வேலை செய்தவன், ஒரு ஊசிகூடப் போட முடியாத இடத்தில் நின்றேன். வியாழக்கிழமை காலை நடந்ததைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன். பிறகு அங்கிருந்த பெரிய டொக்டரிடம் கேட்டேன், செவ்வாய்க்கிழமை அதைப் போட்டிருக்காவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உண்மையைச் சொன்னார். "இதயம் ஏற்கனவே தளர்ந்துபோச்சு. போட்டாலும் போடாட்டிலும் இரண்டு மூண்டு நாள்தான்."

ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஆனால் அந்த இரண்டு மூன்று நாளைத்தான் மருதாயி என்னிடம் கேட்டிருந்தார்.

சொல்லி வைத்த வான் சொன்ன நேரத்துக்கு வந்தது. பின் இருக்கைகளைக் கழற்றிப் பெட்டியை வைத்தோம். நான் முன்னால் இருந்தேன். வியாழக்கிழமை கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொன்னேன் அல்லவா, கூட்டிக்கொண்டுதான் போனேன். ஓமந்தையில் சாரதி பழக்கத்தில் வானை ஓரம் கட்டிவிட்டார். கட்டிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டார். கடைக்காரர் வானைக் கண்டதும் மூன்று தேத்தண்ணியோடு வந்துவிட்டார். உள்ளே எட்டிப் பார்த்தார். 'த்ச்' என்றார். நான் அந்த மூன்று துண்டு பனங்கட்டியையும் எடுத்துச் சேட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். கோப்பைகளைத் தொடவில்லை.

செவலையின் கொட்டில் படலைக்குப் பக்கத்தில்தான். செவ்வாய்க்கிழமையிலிருந்து அது ஒன்றும் தின்னவில்லை என்று அடுத்த வீட்டுப் பெண் சொன்னார். பெட்டியை இறக்கியபோது அது பலகையின் மேல் தாடையை வைத்துக்கொண்டு நின்றது. யாரும் கேட்காமலே வைத்திருந்தது.

செத்தவீட்டுக்கு முழு ஊரும் வந்தது. படலையைத் தாண்டியதும் பெட்டியும் குதிரையும் ஒன்றாகக் கண்ணில் படும். வந்தவர்கள் எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். வேறு என்ன செய்வார்கள்? குட்டானை யாரும் நினைக்கவில்லை, எனக்கும் அதை அவர்களிடம் சொல்ல வாய் வரவில்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் செவலை காதை நிமிர்த்திக் கழுத்தை நீட்டியது. நான் ஓமந்தைப் பனங்கட்டியைப் பயறளவாக உடைத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன். ஒவ்வொரு 'த்ச்'சுக்கும் ஒவ்வொன்று கொடுத்தேன். முதல் இரண்டைத் தின்றது. மூன்றாவதை வாயில் வாங்கி அப்படியே கீழே விட்டது. அதன் பிறகு என் கையைப் பார்க்கவில்லை, சத்தம் வந்த இடத்தைத்தான் பார்த்தது. யார் போட்டது என்று தேடியது. பறை தொடங்கியபோது தேடுவதையும் விட்டுவிட்டது. பெட்டியைத் தூக்கும் நேரம் பெண்கள் கதறி, முழு வளவும் உச்சுக் கொட்டியது. செவலையின் காது அசையவில்லை. ஆறு வருடம் ஒருதரமும் பொய்யாகாமல் மருதாயி காத்த சத்தம் ஒரு பகலுக்குள் பொய்யாகிப் போனதை நான் கையில் இரண்டு துண்டு பனங்கட்டியோடு நின்று பார்த்தேன்.

ஐந்தாம் நாள் கொஞ்சம் புல்லில் வாய் வைத்தது. இப்போதும் கொஞ்சம்தான். எலும்பு தெரிகிறது. குதிரையை என்ன செய்வதென்று பவானிக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அடுத்த வருடம் எனக்கு ஓய்வு. யாரோ வாங்குவதாகச் சொல்கிறார்கள். வாங்கினால் பலகையையும் சேர்த்து வாங்குவார்களா என்று கேட்டேன், சிரித்தார்கள்.

மருதாயி, உங்களிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று பவானி கேட்டாள், மலரின் முடிவில் அப்படி ஏதாவது எழுத வேண்டுமாம். சொல்கிறேன். ஒவ்வொரு காலையும் செவலைக்குச் சத்து ஊசியோடு போகிறேன். நான் ஒரு சத்தமும் போடுவதில்லை, எதையும் முதலில் காட்டுவதில்லை. பலகைக்கு இந்தப் பக்கம் நின்று காத்திருக்கிறேன். சில நாள் தாடையை வைக்கிறது. போட்டு முடித்த பிறகு கூலியைக் கொடுக்கிறேன், சில நாள் தின்கிறது. பல நாள் தலையைத் திருப்பிக்கொள்கிறது. இன்னும் ஒருதரம் கேட்டுப் பார்க்கலாம் என்று கை துடிக்கும். ஊசியை மூடிப் பெட்டியில் வைத்துவிட்டுத் திரும்பி வருகிறேன்.

அது ஒன்றுதான் மிஞ்சியது. அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்கு அது தெரிந்திருக்கவில்லை என்று யாருக்காவது சொல்ல ஆசைதான். தெரிந்திருந்தது.